முயற்குட்டியின் முதலுணவு

தாயின் முகத்தை அரிதினும் அரிதாகவே காணும் குழவி, தாயினிடம் யாது கற்றல் கூடும்? பசுவின் கன்று தாயின் பின்னே சென்று, அது மேயும் புல்லையே மோந்து மேய்ந்து பழகுகின்றது. கோழிக்குஞ்சு, தாய் கொத்திக் காட்டும் மணியைத் தானும் கொத்துகின்றது. முயற்குட்டிக்கோ இவ்வாய்ப்பு இல்லை. அதன் தாய் நாளொன்றுக்கு ஒரு முறை, இருளில், மூன்று நான்கு நிமிடங்களே அதனிடம் வந்து போகின்றது. எனினும் மூன்றாம் வார இறுதியில் வளையைவிட்டு வெளிவரும் குட்டி, தன்னைச் சூழ்ந்த பல பூண்டுகளினிடையே, தாய் உண்டு பழகிய பூண்டினை அடையாளம் கண்டு கடிக்கின்றது. கண்ணாற் கண்டு கல்லாத இப்பாடத்தை அஃது எவ்வாறு கற்றது? அப்பாடத்தை நாம் அறியாமற் கெடுப்போமாயின் குட்டிக்கு நேர்வது யாது? இவ்விரண்டினையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம். கூண்டில் முயல் வளர்க்கும் மாணவ நண்பர்கட்கு இரண்டாவது வினாவே முதன்மையானதென்று அறிவோம். ஆயினும் முதல் வினாவிற்கு விடை காணாது இரண்டாவதற்கு விடை காண்டல் அரிது.

முதற்கண் ஒரு பெயர் மயக்கத்தை நீக்குதல் வேண்டும். தமிழில் முயல் என்னும் ஒரு சொல்லே இரண்டு விலங்குகட்கு வழங்குகின்றது. நம் புதர்க்காடுகளிலும் தரிசு நிலங்களிலும் அந்தி வேளையிற் பாய்ந்தோடுவதும், நம் பழம்பாடல்களில் வருவதும், பிடரியிற் கருநிறம் வாய்ந்த காட்டுமுயல். அது வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி உரோமம் போர்த்த உடலுடன் கண் திறந்தே பிறந்து, சின்னாளிலேயே புல் கறிக்கத் தொடங்குகின்றது. நாம் கூண்டில் வளர்ப்பதோ ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளைத் தாயகமாகக் கொண்ட குழிமுயலின் வழிவந்தது. அதன் குட்டி கண் மூடி, காது மூடி, உரோமமின்றி, ஒரு விரலளவே பருத்துப் பிறக்கின்றது; எடை 50 அல்லது 60 கிராம். இக்கட்டுரை குழிமுயலைப் பற்றியதே.

ஏறக்குறைய 31 நாட்கள் கருவைச் சுமக்கும் தாய்முயல், ஈனுதற்கு முன்னர்த் தனியே ஒரு சிறு வளையைத் தோண்டி, உலர்ந்த புல்லைக் கவ்விக் கொணர்ந்து பரப்பி, தன் வயிற்று உரோமத்தைத் தானே பிடுங்கி மெத்தை அமைக்கின்றது. ஈன்றபின் அது வளையில் தங்குவதில்லை. வாயிலை மண்ணால் அடைத்துவிட்டு அகன்று போகின்றது. மறுநாள் வந்து மண்ணை அகற்றி, பாலூட்டி, மீண்டும் அடைத்துச் செல்கின்றது. தாய் அடிக்கடி வந்து போதல் நரிக்கும் மரநாய்க்கும் வழி காட்டுவதாகும் என்பது அறிஞர் கருத்து. குட்டிகளும் இம்முறைக்கு ஏற்ப இயங்குகின்றன. தாய் வரும் வேளை அணுகுவதற்கு முன்னரே அவை விழித்து, போர்த்திருந்த உரோமத்தினின்று மேலே நெளிந்து வந்து காத்துக் கிடக்கின்றன. அச்சில நிமிடங்களிலே தம் உடல் எடையிற் கால்பங்கு வரையிலும் பாலை உறிஞ்சிக் கொள்கின்றன. கண் திறவாத குட்டி காம்பினைக் கண்டுபிடிப்பது எங்ஙனம் எனின், மணத்தினாலே. தாயின் பாலினின்று எழும் ஒரு தனி வேதிப்பொருளே குட்டியைக் காம்பிற்கு ஈர்க்கின்றதென்று பிரெஞ்சு நாட்டு டிஜோன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2003ஆம் ஆண்டிற் காட்டினர். குட்டியின் உலகம் மூக்கின் உலகம் என்பதை இங்கே நினைவிற் கொள்க. பின்னர் இது நமக்கு வேண்டப்படும்.

கூண்டில் வளரும் தாயும் இவ்வழக்கத்தைக் கைவிடுவதில்லை. பகல் முழுதும் அது கூண்டின் ஒரு மூலையிலும், குட்டிகள் பெட்டியிலுமாகக் கிடத்தலைக் காண்போர், 'இது பாலூட்டாத தாய்' என்று முடிவு கட்டிவிடுகின்றனர். பின்னர் இரக்க மிகுதியாற் பசுவின் பாலைப் பஞ்சில் நனைத்து ஊட்டுகின்றனர். ரொட்டித் துண்டையும் பாலில் ஊறவைத்துக் கொடுப்பாருண்டு. இரண்டொரு நாளிற் குட்டிகள் கழிந்து மடிகின்றன. பழி தாயின்மேல் விழுகின்றது! காலையிற் பெட்டியை நோக்குங்கால் குட்டியின் வயிறு உருண்டு, தோல் சுருக்கமின்றி இருக்குமாயின், தாய் இரவில் வந்து போயிற்றென்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

முயற்பால் பசுவின் பாலினின்றும் பெரிதும் வேறுபட்டது. அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பங்கு கொழுப்பும், அதே அளவு புரதமும் உள. பால்சர்க்கரையோ 2 பங்கிற்கு மேற்படுவதரிது. பசுவின் பாலிற் கொழுப்பும் புரதமும் மூன்று நான்கு பங்குகளே. சர்க்கரையோ 5 பங்கை எட்டுகின்றது. அன்றியும் முயற்பாலுக்கு மற்றொரு சிறப்பு உண்டு. பாலுண்ணும் முயற்குட்டியின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் மிகக் குறைவாயிருப்பதன் காரணத்தை ஆராய்ந்தோர், எட்டும் பத்தும் கரியணுக்களை உடைய இருவகைக் கொழுப்பமிலங்கள் அங்கே நுண்ணுயிர்களை அடக்குகின்றன என்பதை 1966ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வமிலங்கள் முயற்பாலினின்றே பிறப்பன. ஆதலின் பால் குட்டிக்கு உணவு மட்டுமன்று, காவலும் ஆகும்.

இக்காவல் நெடுநாள் நிற்பதில்லை. தாயின் பால் மூன்றாம் வாரத்தில் உச்சமடைந்து பின்னர் இறங்குகின்றது. குழிமுயல் ஈன்றவுடனே மீண்டும் கருவுறும் இயல்பினது. அவ்வாறு கருவுற்றதாயின் 31ஆம் நாள் அடுத்த ஈற்று வந்துவிடும். எனவே முன்னீற்றுக் குட்டிகட்குப் பால் நான்காம் வார முடிவிற்குள் நின்றுபோகின்றது. குட்டி பிறவுணவைக் கருத்தாகக் கொறிக்கத் தொடங்குவதோ 16ஆம் நாள் முதல் 18ஆம் நாள் வரையிலே. ஆக, பாலினின்று புல்லுக்கு மாறுதற்கு இயற்கை அதற்கு அளித்துள்ள தவணை ஏறக்குறைய பத்தே நாட்கள். 20ஆம் நாளளவில் நாளொன்றுக்கு 2 கிராம் அளவே கொறிக்கும் குட்டி, பண்ணைகளில் 5 வாரம் நிரம்புங்கால் 40 அல்லது 50 கிராம் உண்ணுகின்றது. மனிதக் குழவிக்குப் பல மாதங்களில் நிகழும் மாறுதல் இங்கே பத்துப் பதினைந்து நாட்களில் முடிவுறுகின்றது. இத்துணை விரைவான மாறுதலிற் பிழை நேர்தற்கு இடம் மிகுதி என்பது சொல்லாமலே விளங்கும்.

இப்பிழை எங்கே நேர்கின்றதென்பதை அறிய வேண்டுமாயின் முயலின் குடலமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். நம் கல்லூரியின் முன்னாள் மாணவர் பலர் விலங்கியற் கூடத்தில் முயலை அறுத்து, அதன் குடலை மேசைமேல் விரித்துப் பார்த்திருப்பர். சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தே, ஒருபுறம் மூடிய பெரும்பை போன்ற முட்டுக்குடல் அவர்கள் நினைவிற்கு வரும்; வயிற்றறையிற் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது அதுவே. கணக்கற்ற நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்து, முயலின் செரிமான நீர்களுக்கு அடங்காத நாரினைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அவ்வாறு பக்குவப்பட்ட பொருளின் ஒரு பகுதியை முயல் மென்மையான புழுக்கையாக வெளியிட்டு, நிலத்தில் விழுமுன்னரே தன் வாயாற் கவ்வி விழுங்கிவிடுகின்றது. நாம் கூண்டின் கீழ்க் காண்பது வன்மையான புழுக்கை மட்டுமே. மென்புழுக்கையை முயல் மீண்டும் உண்பதை மொரோ என்னும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் 1882ஆம் ஆண்டில் விளக்கினார். அருவருப்பிற்குரியதாகத் தோன்றினும், மாடு அசைபோடுவது எதற்கோ அதற்கே முயல் இதனைச் செய்கின்றது.

பிறந்த குட்டியின் முட்டுக்குடல் சிறியது. அதில் இக்குடிகள் நிலைபெறவில்லை. மாச்சத்தைச் செரிக்கும் நீர்களும் அதற்கு முதல் வாரங்களிற் போதிய அளவு ஊறுவதில்லை. பால் குறைந்து காவல் தளரும் அதே நாட்களில், சோளமும் கோதுமையும் போன்ற தானியங்களை நிரம்ப இட்டால், செரியாத மாச்சத்து முட்டுக்குடலை அடைகின்றது. அங்கே நற்குடிகள் ஊன்றுமுன்னர்த் தீக்குடிகள் பெருகி நஞ்சினை விளைக்கின்றன. வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, ஒரே இரவில் ஓர் ஈற்று முழுதும் மாளுதலும் உண்டு. மேலும் முயலால் உண்டதை வாந்தியெடுக்க இயலாது. தவறாக உண்டதைத் திருப்புதற்கு வழியே இல்லை. ஆதலின் எதனை உண்பதென்று முன்னரே அறிந்திருத்தல் அதற்கு உயிர்ச் செய்தி.

முன்னரே அறிதல் எங்ஙனம் என்பதற்கு விடை ஹங்கேரி நாட்டிலிருந்து வந்தது. அந்நாட்டில் டான்யூப், டீஸா என்னும் இரு பேராறுகட்கும் இடையே புகாக்ஸ் என்றோர் இடமுண்டு. மணற்குன்றுகள் நிறைந்த அவ்விடம் கிஷ்குன்ஷாக் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கே ஜூனிப்பர் என்னும் ஊசியிலைப் புதர்கள் அடர்ந்துள்ளன. ஜூனிப்பர், பிசின்மணம் கமழும் செடி. அதன் கருநீலக் கனிகளை மேல்நாட்டார் 'ஜின்' என்னும் மதுவிற்கு மணமூட்டப் பயன்படுத்துவர். கடுமணமும் காரமும் உடைய இதனைப் பழக்கமில்லாத முயல்கள் விரும்புவதில்லை. ஆயினும் பனிக்காலத்திற் புல் அற்றுப்போகும் வேளையில் அவ்விடத்து முயல்கள் ஜூனிப்பரையே கறித்து உயிர் வாழ்கின்றன. அக்குட்டிகட்கு இதனை உண்ணலாமென்று கற்பித்தவர் யார்?

ஆக்னெஷ் பில்கோ, வில்மொஷ் ஆல்ட்பெக்கர், ராபின் ஹட்ஸன் என்னும் மூவரும் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின் திறம் அதன் எளிமையிலே உள்ளது. தாய் உண்ணும் பொருளின் மணம் குட்டியை அடைதற்கு மூன்று வழிகள் இருத்தல் கூடுமென அவர்கள் கருதினர். கருவிலிருக்கும்போது தாயின் குருதி வழியே வருதல் ஒன்று. பிறந்தபின் பாலின் வழியே வருதல் மற்றொன்று. மூன்றாவது வழியை நாம் நினைத்தும் பாரோம். பாலூட்ட வரும் சில நிமிடங்களில் தாய் தன் வன்புழுக்கைகள் சிலவற்றைக் கூட்டினுள்ளே விட்டுச் செல்கின்றது. அப்புழுக்கைகளைக் குட்டிகள் கொறிக்கின்றன. இம்மூன்று வழிகளையும் ஒன்றோடொன்று கலவாதபடி பிரித்தல் வேண்டுமே! அதற்கு அவர்கள் குட்டிகளைத் தாய் மாற்றினர். கருவுற்ற காலத்தில் ஜூனிப்பர்க் கனி உண்ட தாயின் குட்டிகளைப் பிறந்தவுடன் எடுத்து, அக்கனியை அறியாத செவிலித்தாயிடம் விட்டனர். கருவில் அம்மணத்தை அறியாத குட்டிகளை, ஜூனிப்பர் உண்டு பாலூட்டும் தாயிடம் விட்டனர். இன்னொரு கூட்டத்திற்கு, வேறு முயல் ஜூனிப்பர் உண்டு இட்ட புழுக்கைகளைக் கூட்டில் வைத்தனர், அவ்வளவே.

28ஆம் நாள் குட்டிகளைத் தாயினின்று பிரித்து, வழக்கமான முயலுணவையும் ஜூனிப்பரையும் ஒருங்கே முன்வைத்தனர். மூன்று கூட்டத்துக் குட்டிகளும் ஜூனிப்பரை விரும்பின. எவ்வகையிலும் அதனை அறியாத குட்டிகளோ வழக்கமான உணவையே நாடின. மூன்று வழிகளில் எந்த ஒன்றும் தனித்து நின்றே போதியதாயிருந்தது. இவற்றுள் நம்மை மிகவும் வியப்பிலாழ்த்துவது முதற் கூட்டமே. பிறந்த நாள் முதல் அக்குட்டிகள் ஜூனிப்பரின் மணத்தை மோந்தவையல்ல. ஆயினும் கருப்பையிற் பெற்ற நினைவு, நான்கு வாரம் அழியாதிருந்து, தக்க காலத்தில் வெளிப்பட்டது. இந்நினைவு எங்கே தங்குகின்றதென்று தேடியோர், அத்தகைய முயலின் மூக்கிலுள்ள மணவுணர் உறுப்பே ஜூனிப்பரின் மணத்திற்கு மிகுதியாகக் கூர்மையுற்றிருத்தலை 1995ஆம் ஆண்டிற் கண்டனர். பாடம் மூளையில் மட்டுமன்று, மூக்கிலும் எழுதப்பட்டிருந்தது என்க.

நம் அடுக்களைச் சரக்கு ஒன்றும் இவ்வாராய்ச்சியில் இடம் பெற்றுள்ளது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் சூல் முயலின் உணவிற் சீரகத்தைச் சேர்த்தனர். அதன் குட்டிகள் பிறந்தவுடனே சீரகத்தின் மணத்தை நாடின. 2002ஆம் ஆண்டு வெளிவந்த செய்தி இது. ஜூனிப்பரை நாம் கண்டறியோம். சீரகத்தின் மணத்தையோ யாவரும் அறிவோம். சூல் கொண்ட பெண்டிர் உண்பதெல்லாம் வயிற்றுப்பிள்ளைக்குச் சேரும் என்று நம் பாட்டிமார் கூறுவர். அவர்கள் கருதியது சத்தினையே எனினும், சுவையும் மணமும் கூடச் சேர்கின்றன என்பது முயலளவில் மெய்யாயிற்று.

இனி அப்புழுக்கைகளுக்கு மீள்வோம். அவை மணத்தை மட்டும் கொணர்வனவல்ல. தாயின் குடலிலுள்ள நுண்ணுயிர்களையும் உடன் கொணர்கின்றன. உழவர் தயிர் தோய்க்கப் பழைய மோரிற் சிறிது உறையிடுவதை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். பிரெஞ்சு நாட்டுத் துலூஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2014ஆம் ஆண்டில் இதனைச் சோதித்து எழுதினர். கூட்டிலுள்ள புழுக்கைகளை உண்ணவொட்டாது தடுத்த குட்டிகளின் முட்டுக்குடலில் நுண்ணுயிர்க் குடியேற்றம் தாமதப்பட்டது. குட்டிகளின் உடல்நலமும் இதனோடு தொடர்புடையதென்பது அவர்தம் முடிபு. தாய் தன் குட்டிக்கு எதனை உண்பதென்று அறிவிக்கும் அதே பொருளிலே, அதனைச் செரித்தற்குரிய பணியாளரையும் சேர்த்தனுப்புகின்றது! தனித்தனியே இரண்டு ஏற்பாடுகள் என்று நாம் எண்ணியிருக்கக்கூடியவை ஒன்றாகவே முடிந்திருப்பது, நம் நோக்கில், இப்பொருளிலே மிகவும் இனிய பகுதி.

அந்நகரத்தாரே பின்னர், பால்குடிக் குட்டிகளின் பெட்டியிலேயே, கூழ்போல் உறைந்த மென்மையான உணவினை 8ஆம் நாள் தொட்டு வைத்துப் பார்த்தனர். கண்ணும் சரிவரத் திறவாத அக்குட்டிகள் சிறிதளவு அதனை உண்டன. அவ்வாறு தரும் தாவரப் பொருளின் வகைக்கேற்பக் குடலின் நுண்ணுயிர்களும் மாறுபடுதலை 2022ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முயற்குட்டி மூன்றாம் வாரத்திற்கு முன் பாலன்றி வேறெதுவும் தீண்டாது என்னும் பழங்கொள்கை இதனால் தளர்கின்றது. உண்ணும் அளவு சிறிதேனும், இரண்டாம் வாரத்திலேயே கூட்டின் வைக்கோலும் தாயின் புழுக்கையும் அதன் வாயிற் புகுகின்றன.

உணவினை விரும்புவதிற் குட்டிகட்கு வேறு சில போக்குகளும் உண்டு. பொடியாக அரைத்த தீவனத்தைவிட அதனையே அழுத்திச் செய்த குச்சித்தீவனத்தை அவை பெரிதும் விரும்பும். பொடி மூக்கில் ஏறித் தும்மலை விளைப்பது. தண்டினும் இலையையும், முற்றலினும் இளந்தளிரையும் நாடும். இனிப்பினைக் கண்டால் விடுவதில்லை. படப்புத்தகங்களில் முயலோடு இணைபிரியாது வரும் காரட்டுக் கிழங்கு இவ்வினத்தைச் சேர்ந்தது. பெரிய முயலுக்கும் அதனை அளவோடு தருதலே நன்று, பால் மறவாத குட்டிக்கோ அது வேண்டுவதேயில்லை. குட்டி விரும்புவதெல்லாம் குட்டிக்கு நன்று என்று கொள்ளற்க. தாய் வழி வந்த விருப்பம் வேறு, இனிப்பின் மேலுள்ள பொது வேட்கை வேறு.

இவற்றால் முயல் வளர்ப்போர் கொள்ளத்தக்கன சிலவே. கூட்டுப்பெட்டி ஈரமாயின் மாற்றுக. தூய்மையின் பெயரால், முதல் வாரங்களில், தாய் விட்டுச் சென்ற உலர்ந்த புழுக்கைகளை நாள்தோறும் பொறுக்கி எறிதல் வேண்டா. குட்டிகட்குப் பின்னாளில் எத்தழையைத் தர எண்ணுகின்றோமோ, குதிரைமசாலோ வேலிமசாலோ, அதனைத் தாய்க்குச் சூற்காலத்திலிருந்தே பழக்குக. பால் மறக்கும் வாரத்தில் தீவனத்தை மாற்றற்க. மாற்றியே ஆக வேண்டுமாயின், பழையதிற் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்திலேனும் முடிக்க. நார் மிகுந்த உலர்புல் எப்போதும் கூண்டில் இருத்தல் வேண்டும்.

சந்தையிற் குட்டிகளை வாங்குவோர் செய்யத் தவறுவது ஒன்றுண்டு. நான்கு வாரம்கூட நிரம்பாத குட்டியைத் தாயினின்று பிரித்து, வண்டியில் ஏற்றி, புதிய ஊருக்குக் கொணர்ந்து, அன்றிரவே வீட்டிலுள்ள சோற்றையும் முட்டைக்கோசையும் அதன் முன்னர் வைக்கின்றனர். அதன் மூக்கு அறிந்த மணம் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. அதன் குடல் அறிந்த உணவும் இல்லை. ஐந்து வாரமேனும் நிரம்பிய குட்டியையே கேட்டு வாங்குக. வாங்குங்கால், அதன் தாய் உண்ணும் தீவனத்தில் ஒரு வாரத்திற்குப் போதியதையும் அத்தாய் படுத்திருந்த உலர்புல்லில் ஒரு பிடியையும் விற்பவரிடம் கேட்டுப் பெற்று, குட்டி வரும் கூடையிலேயே வைத்துக் கொணர்க.